ஆட்கள்: 2

பாபுராவ் தெருவில் ஃபயாஸ் பாயின் லாட்ஜுக்கு
ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன்.
இருபத்திரண்டு அறை, ஒரு பழைய கம்ப்யூட்டர்,
அதன் தலையில் ஊதுபத்திச் சாம்பல்.

முதலில் தெரியாத்தனமாக
ஒவ்வொரு பட்டனுக்கும் புது ஜன்னல் திறக்கவிட்டேன்.
மதியத்துக்குள் முப்பது ஜன்னல்.
எதை மூடினால் எது மூடும் என்று எனக்கே புரியவில்லை.
"காத்து வர ஒரு ஜன்னல் போதும்மா,
இது புயல் அடிக்குது" என்றார் பாய்.

எபனேசர் காட்பாடி ரயிலில் தொங்கியபடி
போனில் கத்தினான்:
ஒரே பிரேம். உள்ளே பேனல்களைச்
சீட்டுக்கட்டு போல அடுக்கு.
பேர் சொல்லிக் கூப்பிடு, அந்தச் சீட்டு மேலே வரும்.
மற்றதெல்லாம் அடியில்—
பாலம் வந்து மீதியை விழுங்கிவிட்டது.

பேர்தான் எல்லாம்.
'ரசீது' என்று சேர்த்துவிட்டு
'ரசிது' என்று கூப்பிட்டால்
திட்டாது, சிவப்பில் ஒன்றும் எழுதாது.
இருந்த இடத்திலேயே இருக்கும்
காது கேட்காத மாதிரி.
ஆஸ்பத்திரி கவுண்டரில் மொண்டல் என்பவரை
மண்டலம், மண்டலம் என்று கூப்பிட
அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாரே, அப்படி.
ஒரு ராத்திரி முழுக்க அந்தக் குறிலைத் தேடினேன்.

பிறகு ஓடியது.
வருகை, அறை, அட்வான்ஸ், ரசீது, காலி.
பாய் வேண்டுமென்றே அடுத்து, அடுத்து என்று தட்டி
"வழுக்கிக்கிட்டுப் போவுது" என்று சிரித்தார்.
டீ வாங்கித் தந்தார், பன்னோடு.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை.
மறைந்த பேனல் இல்லாமல் போன பேனல் அல்ல.
பாலாறு மாதிரி. மேலே மணலும் லாரித் தடமும்.
அடியில் யாரோ எப்போதோ தட்டியது
தட்டியபடியே கிடக்கும்.

பதினான்காம் அறை, மால்டாவிலிருந்து.
இருபத்து மூன்று நாள். அவருக்குக் கல்லீரல்.
காலி செய்ய அந்த அம்மா மட்டும் இறங்கி வந்தாள்,
ஒரு கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்,
இன்னொன்றில் ஸ்கேன் உறை.
அட்வான்ஸில் ஐம்பது ரூபாய் இடித்தது.
சரிபார்க்கப் பாய் 'பின்செல்' அழுத்தினார்,
மறுபடி அழுத்தினார், ஒன்று கூடுதலாக.
அடியிலிருந்து முதல் சீட்டு வந்து நின்றது,
நான் துடைக்காமல் விட்டது:

பெயர்: தபன் சர்க்கார்
ஆட்கள்: 2

அவளுக்குத் தமிழ் தெரியாது. எண் தெரியும்.
கண்ணாடி மேல் விரலை வைத்தாள்.

பாய் எனக்குப் போன் செய்தார், குரலைத் தாழ்த்தி.
"எல்லாத்தையும் மறைக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"
"மினிமைஸ் பண்ணுங்க பாய்."
"எது?"
"மேல வலப்பக்கம். சின்னதா ஒரு கோடு."
அதற்குப் பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்
வெகுநேரம்.
கோட்டை அவர் தேடவே இல்லை என்று
அப்புறம்தான் தெரிந்தது.
அவளாக விரலை எடுக்கும்வரை நின்றிருக்கிறார்.

மறுநாள் போனேன்.
காலி அழுத்தியதும் எல்லாச் சீட்டும் வெறுமையாகட்டும்;
பெயர் இல்லை, நாள் இல்லை, ஆட்கள் பூஜ்யம்.
நாலு வரி வேலை. முதல் நாளே எழுதியிருக்கலாம்.
சோதித்துப் பார்த்தேன், முன்னும் பின்னும்.
வருகை, அறை, அட்வான்ஸ், ரசீது,
திரை மாறிக்கொண்டே இருந்தது.
நடுவில் ஒரு பிசுக்கு மட்டும் மாறவில்லை.
கடுகெண்ணெயாக இருக்கும்.
எந்தச் சீட்டிலும் இல்லாமல்
எல்லாச் சீட்டின் மீதும்.

பாய் தோள் துண்டை எடுத்தார்.
கீபோர்டைத் துடைத்தார், மவுஸைத் துடைத்தார்,
சாம்பலைத் தட்டினார்.
துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு
"பின்செல் பட்டனைக் கொஞ்சம் தள்ளி வைம்மா" என்றார்,
"கை தவறிப் படுது."